வற்றல், வடகம், ஊறுகாய்: அபாயங்களும் பரிகாரங்களும்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மொட்டைமாடியிலும் முற்றத்திலும் பழைய வேட்டிகளை விரித்து, சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் கொத்தவரங்காயையும் உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்தி, கூழ் காய்ச்சி வடகம் பிழிந்து, மாவடுவை உப்பிலிட்டு, நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பு அடைத்து, வரப்போகும் மழைக்காலம் முழுவதற்கும் வேண்டிய வெஞ்சனத்தைக் கோடைக்குள் சேகரித்து வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த காரியம். கடற்கரை ஊர்களில் நெத்திலியும் வாளையும் கருவாடாயின. உள்நாட்டில் ஆட்டிறைச்சி உப்பும் மஞ்சளும் பூசப்பெற்றுக் கயிற்றில் கோக்கப்பட்டு உப்புக்கண்டமாயிற்று. இவற்றுள் எதற்கும் எழுதிவைத்த முறை கிடையாது. மாமியார் கையைப் பார்த்து மருமகள் கற்றாள். உப்பின் அளவு கைப்பிடியிலும், காய்ச்சலின் பதம் விரலிடையே ஒடியும் ஓசையிலும் இருந்தன.

செய்த கையே உண்டது என்பதுதான் அந்த ஏற்பாட்டில் இருந்த பெரிய பாதுகாப்பு. மழை பிடித்துப் பூத்துப்போன வடகத்தைத் தன் பிள்ளைக்குப் பொரித்துக் கொடுக்க எந்தத் தாயும் துணியமாட்டாள். இன்று அந்த நிலை மாறிவிட்டது. வற்றலைச் செய்பவர் ஓர் ஊரில் இருக்கிறார். பொட்டலம் கட்டுபவர் வேறோர் ஊரில் இருக்கிறார். வாங்கி உண்பவரோ இவ்விருவர் முகத்தையும் ஒருநாளும் காண்பதில்லை. வீட்டிலேயே செய்பவர்களும் பாட்டியின் பக்குவத்தில் பாதியை நினைவிலிருந்தும், மீதியைக் கைப்பேசியில் கண்ட காணொளியிலிருந்தும் எடுத்துச் சேர்க்கிறார்கள். இந்நிலையில், உலர்த்தலும் ஊறவைத்தலும் எந்த நியதியால் உணவைக் காக்கின்றன, அந்த நியதி தவறினால் விளையும் அபாயங்கள் யாவை, விலைக்கு வாங்குபவருக்கும் வீட்டில் செய்து விற்பவருக்கும் சட்டம் தந்திருக்கும் பாத்தியதைகள் யாவை என்பவற்றைப் பொதுஜனங்கள் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகிறது.

உணவு கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள ஈரத்தைப் பற்றி வளரும் நுண்கிருமிகளும் பூஞ்சணங்களும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அவை பயன்படுத்துவது உணவிலுள்ள மொத்த நீரை அன்று; உப்போடும் சர்க்கரையோடும் பிணைந்துவிடாமல் தனித்து நிற்கும் நீரை மட்டுமே. இத்தனித்த நீரின் அளவைச் சுத்த ஜலத்துக்கு ஒன்று என்று வைத்து விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். அவ்வளவு 0.85க்குக் கீழே இறங்கிவிட்டால் நோய் விளைக்கும் கிருமிகள் பெருகி நஞ்சு உண்டாக்குவது நின்றுபோகிறது. பூஞ்சணமோ அதனினும் பொறுமையுள்ள ஜாதி, 0.7 அளவிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்கூட அவற்றுட் சில மெல்ல வளரும், 0.6க்குக் கீழே போனால்தான் எதுவும் வளர்வதில்லை. ஆகவே, தொட்டால் ஈரம் தெரியாத பதார்த்தமெல்லாம் காய்ந்த பதார்த்தம் ஆகிவிடாது. வெளித்தோல் இறுகி உள்ளே சதை ஈரமாயிருக்கும் பாகற்காய் வற்றலும், நடுப்பாகம் மெத்தென்றிருக்கும் கூழ் வடகமும் பார்வைக்கு நன்றாயிருந்து, டப்பாவில் அடைத்த சில வாரங்களில் உள்ளிருந்து பூக்கத் தொடங்குகின்றன.

இதற்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு. உலர்ந்துவிட்டது என்று கருதும் வற்றலைக் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நிரப்பி இறுக மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்கிப் பார்க்க வேண்டும். புட்டியின் உட்புறத்தில் வியர்வைபோல் நீர்த்துளி படிந்தால் வற்றல் இன்னும் காயவில்லை என்பது நிச்சயம். மறுபடியும் வெயிலில் இட வேண்டியதே. துளி படியாதிருந்தால், குறைவாகக் காய்ந்த துண்டிலிருந்து அதிகம் காய்ந்த துண்டுக்கு ஈரம் பரவிச் சமமாகிவிட்டது என்று நம்பி எடுத்து வைக்கலாம்.

வெயில் என்பதையும் சற்று விசாரிக்க வேண்டும். உலர்த்துவதற்கு உஷ்ணம் மாத்திரம் போதாது. காற்றில் ஈரம் குறைவாயிருக்க வேண்டும். முப்பது டிகிரி செல்சியசுக்குக் குறையாத உஷ்ணமும், அறுபது விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதமும் வெயிலில் உலர்த்துவதற்கு ஏற்றவை என்பது நிபுணர் கொள்கை. மதுரை, திருச்சி, கரூர்ப் பக்கத்துப் பங்குனி சித்திரை வெயில் இதற்கு மிகப் பொருந்தும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் நெற்றி வியர்க்கும் அதே வெயிலிலும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே வீசுகிறது. ஆதலால் அங்கே மெல்லிய துண்டங்களாக அரிதலும், காற்று கீழிருந்தும் மேலிருந்தும் புகுமாறு வலைத்தட்டில் பரப்புதலும், கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் கூரையிட்ட சூரிய உலர்த்திகளைப் பயன்படுத்துதலும் மிக்க பிரயோஜனம் தரும். சாயங்காலம் வெயில் தாழுமுன் எடுத்து உள்ளே வைக்கும் நம் பெண்மணிகளின் பழைய வழக்கத்துக்குப் பின்னால் நல்ல சாஸ்திரம் இருக்கிறது. பகலில் வெளியேறிய ஈரத்தில் ஒரு பகுதியை இரவுப் பனி திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அவ்வாறு மாறி மாறி நனைந்து காயும் பதார்த்தமே பூஞ்சணத்துக்கு உகந்த இடம்.

பூஞ்சணத்தைப் பற்றி நம்மவரிடையே இருக்கும் அலட்சியம் மிகப் பெரியது. ஊறுகாயின் மேல் வெள்ளையாய்ப் படர்ந்ததைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு அடியிலுள்ளதை எடுத்துக்கொள்வதும், பூத்த மிளகாய்வற்றலையும் நிலக்கடலையையும் மறுபடி வெயிலில் காட்டித் தட்டிப் புடைத்துச் சமையலுக்கு எடுப்பதும் பல வீடுகளில் சர்வசாதாரணம். கண்ணுக்குத் தெரியும் பூ பூஞ்சணத்தின் ஒரு பகுதியே. அதன் இழைகளும் அது கக்கும் நஞ்சும் உள்ளே ஊடுருவியிருக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீனியாக இட்ட பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்து விஷம் விளைத்திருந்தது வெளியாயிற்று. அவ்விஷத்துக்குத்தான் அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். நம் தேசத்திலேயே 1974இல், குஜராத்தின் பஞ்சமகால் ஜில்லாவிலும் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா ஜில்லாவிலும், அகாலத்து மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட ஏழைக் கிராமவாசிகளுள் சுமார் நானூறு பேர் ஈரல் கெட்டு மஞ்சள் நோயுற்றனர். நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

இந்த நஞ்சு சமையல் உஷ்ணத்தில் அழியாது. பொரித்தாலும் வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே எஞ்சி நிற்கும். ஒரே நாளில் கொல்லாவிட்டாலும், சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உட்சென்றால் ஈரற்புற்று உண்டாக்க வல்லது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை மனிதருக்குப் புற்று விளைப்பது உறுதியான பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மிளகாய், மஞ்சள் முதலிய வாசனைச் சரக்குகளில் இது கிலோவுக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய விதிமுறைகள் வரம்பு கட்டியுள்ளன. மண் தரையிலும் தார்ச்சாலை ஓரங்களிலும் மிளகாயைக் கொட்டி, இரவுப் பனியிலும் அங்கேயே விட்டுவிடும் வழக்கத்தால் இந்த வரம்பு மீறப்படுவதற்கு இடமுண்டாகிறது. பூத்ததைக் கண்டால் வழிக்கவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம், மாட்டுக்குப் போடவும் வேண்டாம். பசு உண்ட நஞ்சு உருமாறிப் பாலில் வந்து சேரும். குப்பையில் எறிவதே செய்யத்தக்கது.

எதன்மேல் உலர்த்துகிறோம் என்பதிலும் சிரத்தை வேண்டும். வேட்டிக்குப் பதிலாகச் செய்தித்தாளை விரித்து அதன்மேல் அப்பளத்தையும் வடகத்தையும் இடுவது சௌகரியமாயிருக்கலாம். ஆனால் ஈரமாவு அச்சு மையை உறிஞ்சிக்கொள்கிறது. மையிலுள்ள ரசாயனங்களும் ஈயம் முதலிய கன உலோகங்களும் உணவில் சேரும் என்பதாலேயே, செய்தித்தாளில் உணவை வைப்பதையும் பொதிவதையும் 2018ஆம் ஆண்டின் பொதிவு விதிமுறைகள் தடுக்கின்றன. ஊறுகாய்க்குரிய பாத்திரத்திலும் இதே ஜாக்கிரதை தேவை. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பித்தளை, தாமிரம், அலுமினியம் ஆகியவை அதற்கு ஆகா. பீங்கான் ஜாடி நல்லதே. ஆனால் மெருகில் ஈயம் கலந்த மலிவு ஜாடிகளிலிருந்தும், மெருகு உடைந்து வெடித்த பழைய ஜாடிகளிலிருந்தும் அந்த ஈயம் புளிப்பில் இறங்கி வரும் அபாயம் உண்டு. சந்தேகமுள்ள இடத்தில் கண்ணாடியே உத்தமம்.

இனி உப்பும் புளிப்பும். உப்பு தனித்த நீரைப் பிணைத்துவிடுகிறது. புளிப்பு கிருமிகள் வாழ முடியாத சூழ்நிலையை உண்டாக்குகிறது. எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சணத்தை விலக்குகிறது. மோரில் ஊறவைத்து உலர்த்தும் மோர்மிளகாயில் புளிப்பு, உப்பு, வறட்சி ஆகிய மூன்று அரண்களும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காணும்போது, ஆய்வுக்கூடமே இல்லாத காலத்தில் நம் முன்னோர் கண்டறிந்த அனுபவ ஞானத்தை வியக்காதிருக்க இயலவில்லை. சாறு அல்லது உப்புநீரில் ஊறும் ஊறுகாயில் உப்பே பிரதான காப்பாக இருக்குமாயின் அது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையலாகாது என்றும், எண்ணெய் ஊறுகாயில் காய்க்கு மேல் அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும் அல்லது எண்ணெயின் பங்கு நூற்றுக்குப் பத்துக்குக் குறையலாகாது என்றும் இன்றைய விதிமுறைகள் கூறுவது, பழைய பக்குவத்தையே எண்ணாக மாற்றிச் சொன்னதாகும்.

இங்கேதான் இக்காலத்தில் புதிதாக ஓர் அபாயம் முளைத்திருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு அஞ்சி உப்பைப் பாதியாக்குகிறார்கள். வயிற்றெரிச்சலுக்கு அஞ்சிப் புளியைக் குறைக்கிறார்கள். பின்னும் பழைய ஊறுகாயைப்போலவே மாதக்கணக்கில் வெளியில் வைத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்க விரும்புவது நியாயமே. ஒரு நாளில் ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும்போது, கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்குவதே விவேகம். ஆனால் உப்புக் குறைந்த ஊறுகாய் ஊறுகாய் அன்று. அது குழம்பைப்போலக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டிய உணவு. ஊறுகாய் வேண்டுமானால் உப்பு முறைப்படி இருக்கட்டும், உண்ணும் அளவு குறையட்டும்.

காற்றே புகாத இடத்தில் மட்டும் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமியை நம் நாட்டில் அநேகர் கேள்விப்பட்டதில்லை. மண்ணில் வாழும் இக்கிருமியின் வித்துகள் பூண்டு, இஞ்சி, கிழங்கு முதலியவற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. கொதிநீரின் நூறு டிகிரியில் அவை சாவதில்லை. அழுத்தக்கலத்தில் 121 டிகிரி உஷ்ணம் சில நிமிஷங்கள் நிலைத்தால்தான் அழிகின்றன. புளிப்பில்லாத பொருளை எண்ணெயில் அமிழ்த்தியோ, காற்றை உறிஞ்சி அடைத்தோ, அறையின் உஷ்ணத்திலேயே வைத்துவிட்டால், அவ்வித்துகள் முளைத்து, நரம்பை முடக்கும் கொடிய விஷத்தைச் சுரக்கின்றன. நிறமும் மணமும் ருசியும் மாறாமலே இது நிகழக்கூடும் என்பதுதான் இதிலுள்ள பயங்கரம். 1985இல் கானடாவின் வான்கூவர் நகரத்தில் ஓர் உணவகத்தில், எண்ணெயிலிட்டு வெளியில் வைத்திருந்த நறுக்கிய பூண்டை உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள்.

புளிப்பு போதிய அளவில் இருந்தால் இக்கிருமி முளைக்காது. பி.எச். என்று வழங்கும் புளிப்பு அளவு 4.6க்குக் கீழே இருப்பதே எல்லை. குறைந்த எண் மிகுந்த புளிப்பைக் காட்டும். நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறும் புளியும் நிறையச் சேர்ந்தது ருசிக்காக மாத்திரம் அன்று என்பது இதனால் விளங்கும். விலைக்கு விற்பதற்காகப் பூண்டுத் தொக்கு, இஞ்சி விழுது முதலியவற்றை அடைப்பவர்கள் ரசாயனக் கடைகளில் கிடைக்கும் பி.எச். தாளால் ஒவ்வொரு தடவையும் சோதித்து, நான்குக்கு அருகே இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எண்ணெயில் வெறும் பூண்டு இட்டுவைப்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் முடித்துவிட வேண்டும்; மூடி உப்பிய புட்டியையும் திறக்கும்போது சீறும் புட்டியையும் ருசி பார்க்கவே கூடாது.

இந்நோய் பெரும்பாலும் உண்ட பன்னிரண்டு மணி முதல் முப்பத்தாறு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். பார்வை இரட்டிப்பதும், இமை தாழ்வதும், நா வறண்டு பேச்சுக் குழறுவதும், விழுங்க முடியாமற்போவதும், தலையிலிருந்து கீழ்நோக்கி அவயவங்கள் தளர்வதும் அடையாளங்கள். காய்ச்சல் வழக்கமாக இராது. இவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் ஒரு கணமும் கழிக்காமல், செயற்கைச் சுவாசக் கருவியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, என்ன உண்டது, எப்போது உண்டது என்பதை வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு நன்மை. இதே கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடுமாதலால், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவும் சம்பிரதாயத்தை எத்தனை அருமையாகப் போற்றினாலும் இனி விட்டுவிடுவதே முறை.

மீனுக்கும் மாமிசத்துக்கும் வேறு கவலைகள் உள்ளன. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பிடித்த பிறகு பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகுந்துவிடுகிறது. அப்படிக் கெட்ட மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினாலும், மாசியாக்கினாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. உண்ட சிறிது நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மூச்சும் திணறக்கூடும். கெடத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கி மீட்டுவிடலாம் என்ற எண்ணம் முற்றும் பிழை. புதுமீனே கருவாட்டுக்கும் உரியது. உப்புக்கண்டம் செய்பவர்கள் இறைச்சியை முதலில் உள்வரை 71 டிகிரி உஷ்ணம் ஏறும்படி வேகவைத்து, அதன் பிறகு உலர்த்துவது நலம். உலர்ந்தபின் ஏற்றும் சூடு எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. வறட்சியில் அவை சூட்டைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. வெயிலில் காய்ந்த பழவற்றல்களில் ஈயும் வண்டும் இட்ட முட்டைகளை ஒழிக்க, பொட்டலங்களை உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்தெடுத்தால் போதும். பூச்சிமருந்துக்கு அங்கே வேலையில்லை.

கடைச் சரக்கின் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்த்தூளைத் தண்ணீர்க் கோப்பையில் தூவி, நிறம் இழையிழையாக இறங்குகிறதா என்று பார்க்கும் பரீட்சை பிரசித்தமானது. நீரில் கரையும் சாயத்தை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் மிளகாய்த்தூளில் கலக்கப்பட்டு 2005ஆம் ஆண்டில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கடைகளிலிருந்து அகற்றச் செய்த சூடான் சாயம் எண்ணெயில் கரைவது; தண்ணீர்ப் பரீட்சைக்கு அகப்படாது. வீட்டுச் சோதனையில் தேறியதாலேயே ஒரு பண்டம் குற்றமற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அத்தகைய சந்தேகத்துக்கு ஆய்வகமே தீர்வு.

அந்த ஆய்வகத்தை அணுகும் பாத்தியதை சாதாரணப் பிரஜைக்கும் உண்டு என்பதை மிகச் சிலரே அறிவர். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், தன் நாற்பதாம் பிரிவில், உணவுப் பொருளை வாங்கும் எவரும் உரிய கட்டணம் செலுத்தி, அதை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்றும், பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை பெறலாம் என்றும் கூறுகிறது. பரிசோதனைக்குக் கொடுக்கப்போகும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதொன்றே அதற்கு நிபந்தனை. பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. ஒரு தெருவிலுள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்து, தாம் வழக்கமாக வாங்கும் மிளகாய்த்தூளையோ ஊறுகாயையோ இவ்விதம் ஒருமுறை பரிசோதித்துவிட்டாலே அத்தெருவின் வியாபாரத்தில் ஒழுங்கு உண்டாகும்.

வாங்கும்போது பொட்டலத்தின் மேல் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்னும் குறிப்பு, தயாரித்தவர் பெயரும் விலாசமும், பதினான்கு இலக்கங்கொண்ட உரிம எண் அல்லது பதிவு எண் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் சல்பைட் என்ற சொல்லையும் தேடிப் பார்ப்பது நல்லது. கிலோவுக்குப் பத்து மில்லிகிராமும் அதற்கு மேலும் அது இருந்தால் சீட்டில் அறிவித்தாக வேண்டும் என்பது விதி. அடையாளச் சீட்டே இல்லாத பொட்டலத்தை எவ்வளவு நயமான விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதிருப்பது நலம், ஏனெனில் தீங்கு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதே அங்கே தெரியாமற்போகிறது.

தீங்கு நேர்ந்துவிட்டால் முதலில் வைத்தியம், அடுத்தது சாட்சியம். மீந்த உணவை அதன் பொட்டலத்தோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். கோபத்தில் கடைக்காரர் முன்னால் கொட்டிவிட்டு வந்தால் வழக்கே கொட்டப்பட்டுவிடுகிறது. விலைச்சீட்டு, பொட்டலத்தின் தொகுதி எண் தெரியும் புகைப்படம், வைத்தியரின் குறிப்பு, மருந்துச் செலவுக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஜில்லாவின் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915லும் முறையிடலாம்.

உணவால் உடலுக்கு ஊறு நேர்ந்தவருக்குச் சட்டத்தின் அறுபத்தைந்தாம் பிரிவு நஷ்டஈடு விதிக்கிறது: மரணமாயின் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயமாயின் மூன்று லட்சம் வரையிலும், மற்ற ஊறுகளுக்கு ஒரு லட்சம் வரையிலும். மரணம் நேர்ந்தால் வாரிசுகளுக்கு முப்பது நாட்களுக்குள் இடைக்கால நிவாரணமும் தர வேண்டும். இதனோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதபோது அங்கே கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமன்று; விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே தொடுக்கலாம். தபாலில் வந்த ஊறுகாய்க்காகத் தூரதேசம் போக வேண்டியதில்லை என்பது இதன் பொருள். கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

வாங்குபவரின் உரிமைகளைப் பேசும்போது, வீட்டிலிருந்தே வற்றலும் வடகமும் செய்து விற்றுப் பிழைக்கும் பெண்களை எதிர்க்கட்சியில் நிறுத்திவிடுவது நியாயமாகாது. 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஒரு மாடியில் அப்பளம் இடத் தொடங்கியதே பின்னர் லிஜ்ஜத் என்ற பேரமைப்பாக வளர்ந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வடகத்தட்டிலிருந்து வரும் குடும்பங்கள் நம் ஊர்களிலும் உள்ளன. ஆனால் இச்சகோதரிகளுள் அநேகர், அதிகாரிகளை அணுகினால் தொல்லை வரும் என்று அஞ்சி, பதிவு செய்துகொள்ளாமலே விற்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு விரோதமானதன்று. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரைச் சிறு உற்பத்தியாளராக வைத்து, உரிமம் கேளாமல், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு மாத்திரம் போதும் என்று 2011ஆம் ஆண்டின் விதிமுறைகள் வகுத்தன. விண்ணப்பம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது பார்வையிட வருவதாக அறிவிக்க வேண்டும் என்று அதிகாரிக்கும் அவை கட்டளையிட்டன. விண்ணப்பித்தவரின் வாதத்தைக் கேளாமல் மறுப்பதற்கு இடமில்லை. ஏழு நாளில் ஒன்றும் நடவாவிடில் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றும் அவ்விதிகள் அனுமதித்தன.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தாலும் கலங்க வேண்டுவதில்லை. எடுக்கும் பொருளுக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். உற்பத்தியாளர் கேட்டுக்கொண்டால் அவற்றுள் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சுத்தக்குறைவு போன்ற குறைகள் காணப்பட்டால் திருத்திக்கொள்ளும்படி அறிவிப்புத் தந்து, பதினான்கு நாட்களுக்குக் குறையாத அவகாசமும் கொடுக்க வேண்டும். தொழிலின் நுட்பங்களைக் கற்க விரும்புவோருக்கு, தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கென்றே அமைந்த மத்திய கல்வி நிறுவனமும், கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1950 முதல் மைசூரில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

வீட்டில் வற்றல் செய்து விற்கும் ஒவ்வொரு சகோதரியும் இந்தக் கோடைக்குள் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, பொட்டலத்தின் மேல் தேதியையும் விலாசத்தையும் தைரியமாக எழுதட்டும். வாங்குபவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து வாங்கட்டும். விலைச்சீட்டைக் கேட்டுப் பெறட்டும். பூத்த வற்றல் எத்தனை சிறிய பொட்டலமானாலும் வெட்கப்படாமல் புகார் செய்யட்டும்.